கணுக்காலை மூடும் கேன்வாஸ் ஷூ: அழகும் பாதத்தின் நலமும்

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் வளைகுடா நாடுகளிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் அதிராம்பட்டினம் திரும்புவோரின் பெட்டிகளில் அத்தரும் மிட்டாயும் இருப்பதுபோல ஒரு சோடி ஷூவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் இளைஞர்கள் பெரிதும் விரும்புவது கணுக்கால் வரை உயர்ந்து நிற்கும் கேன்வாஸ் ஷூ. ‘ஹை நெக் ஷூ’ என்று கடைகளில் கேட்கப்படுவது இதுவே. மகனுக்கு வாங்கி வந்ததைத் தந்தையும் போட்டுப் பார்க்கிறார். தம்பிக்கு அனுப்பியதை அண்ணன் எடுத்துக்கொள்கிறார். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது, கால்சட்டைக்கும் பொருந்துகிறது.

எங்கள் மருத்துவமனையின் பாதப் பராமரிப்புப் பிரிவுக்கு வருவோரும் அவர்களுடன் வரும் உறவினரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இந்த ஷூவைப் போடலாமா, கூடாதா?” இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அணிபவரின் பாதம் எத்தகையது, அதில் உணர்ச்சி இருக்கிறதா, இரத்த ஓட்டம் சரியாக உள்ளதா என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஷூ எதற்காகத் தோன்றியது

இவ்வகை ஷூக்களுள் உலகெங்கும் அறியப்பட்டது கான்வர்ஸ் நிறுவனத்தின் ‘ஆல் ஸ்டார்’. 1908-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், 1917-இல் கூடைப்பந்து வீரர்களுக்காக இதனை வெளியிட்டது. சக் டெய்லர் என்னும் கூடைப்பந்து வீரர் 1920-களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று பயிற்சி முகாம்கள் நடத்தினார். பின்னர் அவருடைய கையொப்பம் கணுக்காலருகே உள்ள நட்சத்திர முத்திரையில் சேர்க்கப்பட்டது. உட்புறக் கணுக்காலை மூடி அமைந்த அந்த வட்டத் துண்டு, முதலில் எலும்பு முனைக்கு ஒரு காப்பாகவே கருதப்பட்டது. இன்று அது அடையாளச் சின்னமாக மட்டும் நிற்கிறது.

பல்லாண்டுகள் விளையாட்டுக் களங்களில் கோலோச்சிய இந்த ஷூவை 1970-களில் வீரர்கள் கைவிடத் தொடங்கினர். பாதத்தைத் தாங்கும் மெத்தை வைத்த தோல் ஷூக்கள் வந்தமையே அதற்குக் காரணம். ஆனால் களத்திலிருந்து வெளியேறிய ஷூ கடைத்தெருவிலிருந்து மறையவில்லை. இசைக் கலைஞர்களும் மாணவர்களும் அதனை விரும்பி அணிந்தனர். விளையாட்டுக் கருவியாகப் பிறந்தது உடை அலங்காரமாக நிலைபெற்றது.

இவ்வரலாற்றில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஷூவின் தோற்றம் ஏறத்தாழ அப்படியே இருக்க, பாதத்தைப் பற்றிய அறிவு மிகவும் முன்னேறிவிட்டது. நிறுவனமே இதனை உணர்ந்து 2015-இல் வெளித்தோற்றத்தைப் பெரிதும் மாற்றாமல் உள்ளே மென்மையான மெத்தை வைத்த ஒரு வகையை வெளியிட்டது. பழைய ஷூவின் சுகக்குறைவு அதனை உருவாக்கியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம். இன்று பல நிறுவனங்கள் இதே வடிவில் ஷூ தயாரிக்கின்றன. ஆகவே கீழே நாங்கள் கூறுபவை ஏதேனும் ஒரு நிறுவனத்தைப் பற்றியவை அல்ல. இந்த வடிவத்தைப் பற்றியவை.

பாதம் கேட்பது என்ன

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் உடலின் எடை குதிகாலில் இறங்கி, பாதத்தின் வெளி ஓரமாக முன்னேறி, விரல்களின் அடிப்பகுதியிலும் பெருவிரலிலும் முடிகிறது. இப்பயணத்தில் எடை ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும். விரல்கள் விரிவதற்கு இடம் வேண்டும். தோல் உராயாமல் இருக்க வேண்டும். வியர்வை வெளியேற வேண்டும். நல்ல காலணி இந்நான்கையும் நிறைவேற்றும்.

கணுக்கால் உயரக் கேன்வாஸ் ஷூவை இந்த நான்கு அளவுகோல்களால் அளந்து பார்ப்போம்.

முதலாவது, அடித்தளம். இது பெரும்பாலும் தட்டையான ரப்பர். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வேறுபாடு மிகக் குறைவு. பாத வளைவைத் தாங்கும் மேடு உள்ளே இல்லை. சிமெண்டுத் தரையில் நெடுநேரம் நிற்பவருக்குத் தரையின் கடினம் பாதத்துக்கு நேராக வந்து சேரும்.

இரண்டாவது, முன்பகுதி. விரல்களுக்கு மேல் கடினமான ரப்பர் தொப்பி ஒன்று உள்ளது. அது கல்லில் இடிபடாமல் காக்கும். எனினும் அது நெகிழாது. அகன்ற பாதம் உடையவருக்கும், பெருவிரல் எலும்பு புடைத்தவருக்கும், விரல்கள் மடங்கியவருக்கும் அதன் விளிம்பு தோலை அழுத்தும். செருப்பணிந்தும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்களின் பாதம் முன்புறம் விரிந்திருப்பது இயல்பு. எனவே நம் பகுதி மக்களுக்கு இது பொதுவான இடர்.

மூன்றாவது, கழுத்துப் பகுதி. கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளிலும், பின்புறக் குதிகால் தசைநாணிலும் துணியின் விளிம்பு உரசும். மாலையில் கால் வீங்குபவர்க்கு அதே விளிம்பு ஒரு கயிறுபோல இறுகும்.

நான்காவது, காற்றோட்டம். இங்கு கேன்வாஸ் துணிக்கு ஒரு மதிப்பெண் தரலாம். செயற்கைத் தோலைவிட அது காற்றை விடும். உட்புற ஓரத்தில் உள்ள இரு துளைகளும் அதற்கு உதவுகின்றன. ஆனால் நனைந்துவிட்டால் கேன்வாஸ் எளிதில் உலராது. கடற்காற்றின் ஈரம் நிறைந்த ஊரில் இதனை மறக்கலாகாது.

இதற்கு நன்மைகளும் உண்டு. லேஸ் கட்டுவதால் பாதம் உள்ளே வழுக்காது; செருப்பைப்போல விரல்களால் பற்றி நடக்க வேண்டியதில்லை. அடித்தளம் தட்டையாகவும் உறுதியாகவும் இருப்பதால் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குவோர் இதனை விரும்புகின்றனர். தூசு, முள், சிறு கல் ஆகியவற்றிலிருந்து பாதம் முழுவதும் காக்கப்படுகிறது. உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் சரியாக உள்ள இளைஞர் ஒருவர், சரியான அளவில் வாங்கி, நாள் முழுவதும் அணியாமல் சில மணி நேரம் அணிவதில் தீங்கு ஏதுமில்லை.

உயர்ந்த கழுத்து சுளுக்கைத் தடுக்குமா

கணுக்காலை மூடுவதால் சுளுக்கு வராது என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. கால்பந்தில் ஆர்வம் மிகுந்த நம் ஊர் இளைஞர்களிடமும் இதனைக் கேட்கிறோம். இந்நம்பிக்கை ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டதுண்டு. 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் கல்லூரி அளவில் கூடைப்பந்து ஆடிய 622 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு உயர்ந்த கழுத்துள்ள ஷூவையும், மற்றொன்று காற்று நிரப்பும் அறைகள் உள்ள உயர்ந்த ஷூவையும், மூன்றாவது குழு தாழ்ந்த ஷூவையும் அணிந்தது. கணுக்கால் சுளுக்கின் அளவில் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மெல்லிய துணியாலான கழுத்து, உடல் எடையோடு உட்புறம் மடங்கும் கணுக்காலைப் பிடித்து நிறுத்த வலுவற்றது. அதனைச் செய்பவை காலின் வெளிப்புறத் தசைகளும் சமநிலை உணர்வும் ஆகும். ஒருமுறை சுளுக்கு ஏற்பட்டவர், வலி தணிந்தபின் சுவரருகே ஒற்றைக்காலில் நின்று பழகுவது, உயர்ந்த ஷூ வாங்குவதைவிடப் பயன் தரும். இயன்முறை மருத்துவரிடம் அப்பயிற்சியை முறையாகக் கற்றுக்கொள்ளலாம்.

முதியோரைப் பொறுத்தவரை செய்தி சற்று வேறானது. கணுக்காலைச் சுற்றிக் காலணி தொடும்போது காலின் நிலை பற்றிய உணர்வு மூளைக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. முதிய பெண்களிடம் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று, உயர்ந்த கழுத்துள்ள காலணி சமநிலைக்கு உதவியதைக் காட்டியது. மேலும், மிகத் தடித்த மெத்தை முதியோரைத் தள்ளாடச் செய்யலாம். ஆகவே சுகம் என்பது வெறும் மென்மை அன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ பஞ்சுபோன்ற தடித்த செருப்பை வாங்கித் தருவது எப்போதும் நன்மையாகாது.

யார் தவிர்க்க வேண்டும்

கீழ்க்கண்ட நிலையில் உள்ளவர்கள் சாதாரண கேன்வாஸ் ஷூவை மருத்துவரின் ஆலோசனையின்றி அணியலாகாது.

1. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள்.

2. பாதத்தில் முன்பு புண் வந்து ஆறியவர்கள், விரல் அகற்றப்பட்டவர்கள்.

3. சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்காலில் வலி வந்து, நின்றால் தணிபவர்கள். இது இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம்.

4. இதயம், சிறுநீரகம் தொடர்பான நோயால் கால் வீக்கம் உள்ளவர்கள்.

5. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் குத்தும் வலி உள்ளவர்கள். தட்டையான மெல்லிய அடித்தளம் அவ்வலியை மிகுவிக்கும்.

இப்பட்டியலில் முதலாவது நிலையே எங்களைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. அவர்களுள் எல்லாரும் முதியவர் அல்லர். முப்பது வயதிலேயே நோய் கண்டறியப்பட்டு, நாற்பதில் பாதம் மரத்துப்போனவர்களை நாங்கள் காண்கிறோம். அவர்கள் ஷூ அணிந்து அலுவலகமும் கடையும் திருமண வீடும் செல்லும் வயதினர்.

வலி அறியாத பாதம்: வேலூர் தந்த பாடம்

உணர்ச்சியற்ற பாதத்துக்குக் காலணி எவ்வளவு இன்றியமையாதது என்னும் உண்மையை உலகுக்கு உணர்த்திய பணியில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் நடைபெற்றது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் கை கால் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. அவரும் அவருடைய குழுவினரும் நுணுகி ஆராய்ந்து, விரல்கள் சிதைவதற்கு முதன்மையான காரணம் வலி உணர்வு இல்லாமையே என்று கண்டனர். வலி இல்லாததால் அவர்கள் காயத்தோடு நடந்தனர். நடந்ததால் காயம் ஆழமானது.

இதனை உணர்ந்தபின், எடையைப் பரப்பும் மென்மையான காலணியைத் தேடும் முயற்சி வேலூரிலும் அதனை அடுத்த கரிகிரியிலும் தொடர்ந்தது. அதன் பயனே நுண்துளை ரப்பரால் ஆன உள்தளம். இன்று ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று நாம் அழைப்பது அதுவே. மேலே மென்மையான நுண்துளை ரப்பரும் கீழே ஆணியும் முள்ளும் ஊடுருவாத கடினமான தளமும் அமைந்தது அதன் சிறப்பு. தொழுநோய்க்காகத் தோன்றிய அந்த அறிவே இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காத்து வருகிறது.

இறுக்கமான ஷூ நலமுள்ள ஒருவரின் விரலை அழுத்தினால் அவர் கால் மணி நேரத்தில் அதைக் கழற்றிவிடுவார். உணர்ச்சி குறைந்தவர் மாலை வரை அணிந்திருப்பார். அதற்குள் தோல் சிவந்து, கொப்புளமாகி, கிழிந்திருக்கும். இன்னும் ஒரு தீங்கு உண்டு. மரத்த பாதம் உடையவருக்குச் சரியான அளவுள்ள ஷூ தளர்வாகத் தோன்றும். அழுத்தம் தெரிந்தால்தான் ஷூ அணிந்திருப்பதாகவே உணர்வார். ஆகவே அவர் கடையில் “இதுதான் கச்சிதமாக இருக்கிறது” என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஓர் அளவு சிறிய ஷூவாக இருக்கும். அத்தகையோர் தம் பாதத்தின் சொல்லை நம்பாமல் அளவுகோலின் சொல்லையே நம்ப வேண்டும்.

பாதத்தில் உணர்ச்சி உள்ளதா என்பதை மருத்துவமனையில் மெல்லிய நைலான் இழை ஒன்றால் சில நிமிடங்களில் அறியலாம். வளையும்போது 10 கிராம் விசையைத் தரும் அந்த இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டுப் பார்ப்போம். வலி இல்லாத சோதனை இது. சர்க்கரை நோயுள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதனைச் செய்துகொள்ள வேண்டும். ஷூ வாங்கும் முன் செய்துகொண்டால் இன்னும் நன்று.

அழகை விரும்புவது குற்றமன்று

நோயாளிகளைப் பராமரிக்கும் உறவினர்களிடம் நாங்கள் பணிவுடன் ஒன்று கூற விரும்புகிறோம். “இந்த வயதில் உங்களுக்கு என்ன ஸ்டைல்?” என்று கேட்பதால் பயன் விளைவதில்லை. எம்.சி.ஆர். செருப்பின் வரலாறே இதற்குச் சான்று. அதன் கருநிறத் தளத்தையும் பட்டைகளையும் பார்த்த மாத்திரத்தில் அணிந்தவரின் நோயை ஊர் அறிந்துகொண்டது. அதனால் பலர் அதனை வீட்டில் விட்டுவிட்டு வேறு செருப்போடு வெளியே சென்றனர். மருத்துவ நோக்கில் குறையற்ற காலணி, மூலையில் கிடந்ததால் பயனற்றுப் போயிற்று. பின்னாளில் அதே நுண்துளை ரப்பரைச் சாதாரணத் தோற்றமுள்ள செருப்புகளுக்குள்ளும் ஷூக்களுக்குள்ளும் வைத்துத் தயாரிக்கத் தொடங்கியமைக்கு இதுவே காரணம்.

ஆகவே தோற்றத்தைப் பற்றிய விருப்பத்தை மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம். அணியப்படாத காலணி எவரையும் காப்பதில்லை. நோயாளி விரும்பும் நிறம், வடிவம், லேஸ் ஆகியவற்றைக் கேட்டறிந்து, பாதத்துக்குத் தேவையானவற்றை அதனுள் எவ்வாறு அமைக்கலாம் என்று ஆராய்வதே சரியான வழி. கூடுதல் ஆழமும் அகலமும் உள்ள ஷூக்கள் இன்று கணுக்கால் உயர வடிவிலும் கிடைக்கின்றன. கழுத்தில் மெத்தை வைத்தவை, உட்புறத் தையல் இல்லாதவை, உள்தளத்தைக் கழற்றி மாற்றக்கூடியவை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சாதாரண கேன்வாஸ் ஷூவை வாங்கி அதனுள் தடித்த மெத்தையைச் செருகினால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். மெத்தை பாதத்தை மேலே உயர்த்தும். அப்போது விரல்களின் முதுகு ரப்பர் தொப்பியில் முட்டும். அடியில் புண்ணைத் தவிர்க்கப்போய் மேலே புண்ணை வரவழைத்ததாக முடியும். மெத்தை வைப்பதாயின் அதற்கேற்ற ஆழம் உள்ள ஷூவிலேயே வைக்க வேண்டும்.

பள்ளிவாசல், வீடு, உப்பளம்

நம் ஊரின் வாழ்க்கை முறையைக் கருதாமல் காலணி பற்றிப் பேச இயலாது. ஐவேளைத் தொழுகைக்குச் செல்பவர் நாளொன்றுக்கு ஐந்து முறை காலணியைக் கழற்றி அணிகிறார். கோயிலுக்குச் செல்பவருக்கும் இதே தேவை உண்டு. கணுக்கால் வரை லேஸ் கட்டும் ஷூவை அவ்வாறு கழற்றி மாட்டுவது எளிதன்று. அவசரத்தில் லேஸை அவிழ்க்காமலே பின்பகுதியை மிதித்து மடக்கி நுழைப்போர் பலர். மடங்கிய துணி குதிகாலில் உராய்ந்து புண்ணாக்கும். பக்கவாட்டில் ஜிப் வைத்தவற்றையோ, ஒட்டுப்பட்டை உள்ளவற்றையோ அத்தகையோர் தேர்ந்தெடுக்கலாம்.

ஒளுச் செய்தபின் பாதங்களைத் துடைக்காமல் ஷூவுக்குள் நுழைப்பது மற்றோர் இடர். விரலிடுக்கில் தங்கும் ஈரம் பூஞ்சைத் தொற்றுக்கு இடமளிக்கிறது. தோல் வெளுத்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கிருமி நுழைகிறது. ஒரு சிறு பருத்தித் துணியைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றியெடுப்பது போதுமானது. பருத்திக் காலுறையை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஒரே ஷூவை நாள்தோறும் அணியாமல் இரு சோடிகளை மாற்றி மாற்றி அணிந்தால் ஒவ்வொன்றும் நன்கு உலரும்.

நண்பகலில் பள்ளிவாசல் முற்றத்தின் கல்தரையும், கடற்கரைக்குச் செல்லும் தார்ச்சாலையும், மணலும் எவ்வளவு சுடும் என்பதைக் கூற வேண்டியதில்லை. உணர்ச்சி குறைந்தவர் அதில் சில அடிகள் வெறுங்காலோடு நடந்தாலே தோல் வெந்துவிடும், அவர் அறியார். அத்தகையோர் கனமான காலுறை அணிந்து செல்வது நன்று. உப்பளத்தில் பணிபுரிவோருக்கு உப்புநீரும், வயலில் இறங்குவோருக்குச் சேறும் தோலை வறளச் செய்து வெடிக்கவைக்கும். அவர்கள் பணி முடிந்ததும் நல்ல நீரில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கைத் தவிர்த்து மற்ற இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

வீட்டுக்குள் நடப்பதும் நடையே. நெதர்லாந்தில் 107 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்கள் வெளியில் எடுத்து வைத்த அடிகளில் 87 விழுக்காட்டைத் தமக்கென வழங்கப்பட்ட காலணியோடு நடந்தனர். வீட்டிலோ 61 விழுக்காடுதான். ஆனால் ஒரு நாளில் அவர்கள் வெளியில் நடந்ததைவிட வீட்டிலேயே மிகுதியாக நடந்தனர். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடும் நம் வழக்கத்தில் இவ்விடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும் என்று கருத இடமுண்டு. வெளியே அணியும் காலணியை உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை. வீட்டுக்கென்றே தனியாக ஓர் எம்.சி.ஆர். செருப்பை வைத்துக்கொண்டால் தூய்மையும் காக்கப்படும், பாதமும் காக்கப்படும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்தபின் பாதம் சற்றுப் பருத்திருக்கும். அந்த அளவுக்குப் பொருந்துவதே பாதுகாப்பானது.

நின்றுகொண்டு அளவெடுங்கள். தாளின் மீது எடை முழுவதையும் ஊன்றி நின்று, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரு பாதங்களையும் வரைய வேண்டும்; பெரும்பாலோருக்கு ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய பாதத்துக்கே ஷூ வாங்க வேண்டும். அத்தாளை வெட்டி ஷூவுக்குள் வைத்துப் பாருங்கள். ஓரங்கள் மடங்கினால் அந்த ஷூ உங்களுக்குரியதன்று.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாயின், “எட்டாம் நம்பர்” என்று மட்டும் கூறாதீர்கள். பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் எண்கள் வேறுவேறு. பிரிட்டன் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய முறையில் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். நிறுவனத்துக்கு நிறுவனமும் அளவு மாறுகிறது. குதிகால் முதல் நீண்ட விரலின் நுனி வரையிலான நீளத்தையும், பாதத்தின் மிக அகன்ற இடத்தின் அகலத்தையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். படம் மட்டும் எடுத்து அனுப்பினால் அளவு தெரியாது. உணர்ச்சி குறைந்தவர்கள் நேரில் போட்டுப் பார்க்காமல் ஷூ வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

நீண்ட விரலுக்கு முன்னால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இடம் இருக்க வேண்டும். குதிகால் தளர்ந்து எழும்பலாகாது. லேஸ் கட்டியபின் பாதத்தின் மேற்புறத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நெகிழ்ச்சி வேண்டும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, தையல் முடிச்சோ கூர்மையான விளிம்போ இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

முதல் வாரம்

புதிய ஷூவை முதல் நாளிலேயே திருமணத்துக்கு அணிந்து செல்வது பலரின் வழக்கம். கால் மரத்தவருக்கு அது பேரிடராக முடியும். முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் அணியுங்கள். கழற்றியவுடன் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பகுதிக்குக் கண்ணாடியைப் பயன்படுத்தலாம், அல்லது வீட்டில் உள்ளவரைப் பார்க்கச் சொல்லலாம். சிவப்பு இருந்தால் எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று கவனியுங்கள். அரை மணி நேரத்துக்குப் பின்னும் சிவப்பு நிலைத்திருந்தால் அந்த ஷூ அவ்விடத்தை அழுத்துகிறது. சிவப்பு இல்லையெனில் நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம்.

ஒவ்வொரு முறையும் அணியும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சிறு கல், உப்புப் பரல், குழந்தைகள் போட்ட விளையாட்டுப் பொருள் எதுவும் உள்ளே இருக்கலாம். உணர்ச்சியற்ற பாதம் அதனோடு நாள் முழுவதும் நடக்கும்.

எப்போது உடனே வர வேண்டும்

கொப்புளம், தோல் கிழிவு, நீர் அல்லது சீழ் கசிவு, கெட்ட நாற்றம், விரல் கறுத்தல், ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடச் சூடாகவும் வீங்கியும் இருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால் அன்றே வாருங்கள். வலி இல்லை என்பதைக் காரணமாகக் கொண்டு காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயுள்ள பாதத்தில் வலியின்மை நலத்தின் அடையாளம் ஆகாது. கொப்புளத்தை ஊசியால் குத்துவதும், கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், ஆணிக்கு மருந்துப் பிளாஸ்திரி ஒட்டுவதும் வேண்டாம். வரும்போது நீங்கள் அணிந்திருந்த ஷூவையும் கொண்டு வாருங்கள். புண் இருக்கும் இடத்தையும் ஷூ தேய்ந்திருக்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தொலைவில் உள்ளவர்களுக்கு, 2021 முதல் நடைபெற்றுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வருகின்றனர். அவர்கள் சர்க்கரை அளவு பார்க்க வரும்போது பாதத்தையும் காட்டிச் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

பெட்டியில் வந்த ஷூவைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அதனை எடுத்துக்கொண்டு ஒருமுறை பாதப் பராமரிப்புப் பிரிவுக்கு வாருங்கள். பாதத்தைச் சோதித்து, ஷூவை அளந்து, அணியலாமா, எவ்வளவு நேரம் அணியலாம், எதை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புகிறோம். உங்களுக்கு அது பொருந்தாதெனில் வீட்டில் வேறு ஒருவருக்குப் பொருந்தக்கூடும். அவருடைய பாதத்தையும் அளந்த பின்னரே கொடுங்கள்.